கொண்டுபோய் விடுகிறவர்கள்

வேன் கேட்டைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தார் தெய்வசிகாமணி, தாண்டிவிட்டது. வாட்ச்மேன் சல்யூட் அடித்தான், இவரும் கையைத் தூக்கினார், தூக்கிய கை மாலையில் சிக்கிக்கொண்டது, அதை விடுவித்து முடிப்பதற்குள் வண்டி சத்தி ரோட்டில் ஏறிவிட்டது. சரி, அடுத்த சிக்னலில் சொல்லிக்கொள்ளலாம். சொல்ல வேண்டியது ஒன்றும் பெரிய சங்கதி இல்லை. அந்த வீடு இப்போது என்னுடையது இல்லை, விற்று ஒரு வருஷமாகிறது, நான் இருப்பது இங்கேதான், கம்பெனிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஒரு ரூமில், என்னை இங்கேயே இறக்கிவிட்டுவிடுங்கள். இவ்வளவுதான். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். மாலை ஈரமாகக் கழுத்தை அரித்தது. கழற்றப் போனால் பின் சீட்டிலிருந்து ரேணுகாதேவி, ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறவள், "கழட்டாதீங்ணா, வூட்டு வாசல்ல போய்த்தான் கழட்டோணும்" என்று அதட்டுகிறாள். ரிடையர் ஆகிறவரை மாலையும் கழுத்துமாக வீட்டில் கொண்டுபோய் விடுவது அந்த பம்பு கம்பெனியில் வழக்கம். வாசலில் ஆரத்தி எடுப்பார்கள், உள்ளே உட்காரவைப்பார்கள், காப்பி குடித்துவிட்டு, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார்கள். இவரே எத்தனையோ பேரைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். போன வீடுகளிலெல்லாம் கொல்லைப்பக்கம் போய், கிணற்றில் கிடப்பது நம் கம்பெனி மோட்டார்தானா என்று எட்டிப் பார்த்ததுண்டு. சுவரைத் தட்டிப் பார்த்து நல்ல கட்டடம் என்று சான்றிதழ் கொடுத்ததுண்டு. கொண்டுபோய் விடப்படுகிறவன் வண்டியில் உட்கார்ந்து என்ன நினைத்துக்கொண்டு வருவான் என்று மட்டும் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. இன்றைக்கு யோசிப்பதற்கு நிறைய நேரம் இருந்தது. கணபதியிலிருந்து வடவள்ளிக்கு ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும்.

"நானே போயிக்கறேன், எதுக்கு உங்களுக்குச் சிரமம்" என்று மத்தியானமே சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. கூச்சப்படுகிறார் என்று சிரித்தார்கள். அப்போது சிரித்த சிரிப்பில் இவரும் கொஞ்சம் சிரித்துவிட்டார், அதுதான் தப்பு. அதற்குப் பிறகு விழா, மைக், மேனேஜர். மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் மைக் கிடைத்தால் விடமாட்டார். "தெய்வசிகாமணியைப் பாருங்கள். ஹெல்பராக வந்து சேர்ந்தவர். ஒரே கம்பெனி, ஒரே உழைப்பு. இன்றைக்குச் சொந்த வீட்டில் காலாட்டிக்கொண்டு உட்காரப் போகிறார். இளைஞர்கள் இவரை உதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டும்." கைதட்டினார்கள். உதாரணமானவர் மேடையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காலாட்டாமல், கட்டைவிரலால் செருப்பை நெருடிக்கொண்டிருந்தார். அப்போதுகூட எழுந்து சொல்லியிருக்கலாம். மைக்கில் சொல்வதற்கு அது என்ன, பரிசு வாங்குகிற விஷயமா. இப்போது காந்திபுரம் சிக்னல். சிவப்பு. சொல்லலாம். டிரைவர் மயில்சாமி ஸ்டியரிங்கில் தாளம் போடுகிறான், அவனுக்கு வழி கேட்க வேண்டியதே இல்லை, கிரகப்பிரவேசத்தன்று பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். பெண்டாட்டி வசந்தாமணியைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றும் இதே வண்டியில்தான் எல்லோரையும் கொண்டுவந்து இறக்கினான். பச்சை. பின்னால் ஊஞ்சல் சங்கிலி கலகலவென்று குலுங்கியது. ஆமாம், ஊஞ்சல். எல்லோரும் சேர்ந்து வாங்கிய பரிசு, தேக்குப் பலகை, பித்தளைச் சங்கிலி. என்றைக்கோ பேச்சுவாக்கில், போர்டிகோ கூரையில் ஊஞ்சலுக்கென்று கொக்கி விட்டுக் கட்டியிருக்கிறேன் என்று சொல்லிவைத்திருந்தார். இந்தப் படுபாவிகள் அதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கொக்கியைக் கேட்டதே வசந்தாமணிதான். "ஏனுங்க, கான்கிரீட் போடறப்பவே ரெண்டு கொக்கி வுடச் சொல்லிருங்க. நீங்க ரிடையர் ஆனப்பறம் ஆளுக்கு ஒரு பக்கம் உக்காந்துக்கலாம்." இப்போது அந்த ரூமில் ஒரு கொக்கி இருக்கிறது, ஃபேனுக்கு. ஃபேன் ஓடும்போது அதுவும் ஆடும். பலகையை அங்கே கொண்டுபோனால் கட்டிலை வெளியே போட வேண்டும்.

"என்னடா சிகாமணி, புது மாப்பிள்ளையாட்டம் தலையக் குனிஞ்சுக்கிட்டு வர்றே?" என்று தொடையில் தட்டினான் ஆறுச்சாமி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், எப்போதும்போல. இரண்டு பேரும் ஒரே வருஷம் கம்பெனியில் சேர்ந்தவர்கள், இவன் அடுத்த வருஷம் ரிடையர். ஆறுச்சாமியை இவருக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த ஒரு வருஷமாக, அவன் சிரிக்கும்போதெல்லாம் இவருக்குள் ஏதோ ஒன்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வேலை என்றால் ஆறுச்சாமிக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். ஐந்து மணி சங்கு ஊதினால் கையிலிருக்கும் ஸ்பேனரை அந்தரத்தில் விட்டுவிட்டுக் கிளம்புகிறவன். ஓ.டி. பார் என்றால், "மேகலா வையுமுங்க, நேரத்தோட வரச் சொல்லிருக்குது" என்று பெண்டாட்டி பேரைச் சொல்லித் தப்பித்துவிடுவான். அவன் விட்டுப்போன ஓ.டி. எல்லாம் இவருக்கு. தீபாவளிக்கு முந்தின நாள், பொங்கலுக்கு மறுநாள், டெஸ்டிங்கில் தொட்டித் தண்ணீரில் கை ஊறி வெளுத்துப்போய், பம்பு பம்பாக ஓடவிட்டு, தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்து, அடுத்ததை மாட்டி. வீட்டுக் கடன் இருந்ததே. கடன் ஒரு பக்கம் இழுக்க, இவர் மறுபக்கம் உழைத்தார், உழைப்புதான் ஜெயித்துக்கொண்டு வந்தது, பார்க்கிறவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அதைப் பார்த்துத்தான் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அன்றைக்கு மைசூர்பாகு வாங்கிக்கொண்டுபோய் லைன் முழுக்கக் கொடுத்தார். ஆறுச்சாமி இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, "மேகலாவுக்கு ஒண்ணு" என்றான். சம்பளம் கூடியது. கூடிய சம்பளம் வரம்பைத் தாண்டியதால் இலவச வைத்தியத்துக்கான இ.எஸ்.ஐ. அட்டை செல்லாது என்று ஆபீசில் சொன்னார்கள். சொன்னவர் அதையும் வாழ்த்துச் சொல்வது மாதிரிதான் சொன்னார். இனிமேல் நீங்கள் எதற்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க வேண்டும். இவரும் தலையாட்டினார். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த அட்டையைக் கொண்டுவந்து வசந்தாமணியிடம் காட்டி, நாம் இப்போது அந்த ரகம் இல்லை என்று சொல்லிச் சிரித்தார். வேறு இன்சூரன்ஸ் ஒன்று போட்டுவைக்கச் சொன்னார்கள். போடலாம், கடன் முடியட்டும் என்று தள்ளிவைத்தார்.

வண்டி மேம்பாலத்தில் ஏறி இறங்கியது. வடகோவையில் வெயில் சாய்ந்து கண்ணாடியில் அடித்தது. இங்கேதான் ஆறுச்சாமியின் வீடு, ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், வாடகை வீடு. அவன் ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தான், தினமும் பார்க்கிற தெருவை என்னத்துக்குப் பார்ப்பானோ. மேகலா நிற்கிறாளா என்று பார்க்கிறான், வேறென்ன. அவளுக்கும் மார்பில் அதே இடத்தில்தான் கட்டி வந்தது. வசந்தாமணிக்கு வந்ததற்கு நாலைந்து மாதம் கழித்து. ஆறுச்சாமி பதறிக்கொண்டு வந்து இவரிடம்தான் முதலில் சொன்னான், அழுதான், இவர்தான் தோளைப் பிடித்துத் தேற்றினார். அவனிடம் அட்டை இருந்தது. சாகிறவரை பிட்டராகவே இருக்கிறவனுக்கு அட்டை எங்கே போகும். இ.எஸ்.ஐ.யிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள், ஆபரேஷன், ஊசி, கரண்டு வைத்தியம் எல்லாம் முடிந்து, தலைமுடிகூட மறுபடி முளைத்துவிட்டது. மேகலா பிழைத்ததில் இவருக்குச் சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லாமலா. நல்ல பிள்ளை அது. ஆனால் மனசு அங்கேயே போய் நின்றுகொள்கிறது, தறியில் நூல் சிக்கினது மாதிரி, இழுத்தால் இன்னும் இறுகுகிறது. நானும் ஐந்து மணிக்குக் கிளம்பியிருந்தால். நானும் முதுகு வலி என்று சொல்லியிருந்தால். மைசூர்பாகு வாங்காமல் இருந்திருந்தால். அப்படி ஒரு மனிதன் நினைக்கலாமா, உழைத்ததற்காக ஒருவன் வருத்தப்படலாமா, அப்படியென்றால் இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தேன். அதைவிட மோசமான நினைப்பு ஒன்று அதற்குப் பின்னால் நிற்கிறது, அதன் பக்கம் போகக் கூடாது, போனால் ராத்திரி தூக்கம் போய்விடும், லாலி ரோட்டில் கூட்டம், பூக்கடை, ஹாரன் சத்தம், போகக் கூடாது என்றால் மனசு கேட்கிறதா. வசந்தாமணி அந்தக் கட்டியை மறைத்தாள். பல மாதம் மறைத்தாள். தொட்டுப் பார்த்து, இருக்கிறது என்று தெரிந்தே, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இவருக்குச் சோறு போட்டாள். டாக்டர் ஏன் முன்னாலேயே வரவில்லை என்று சத்தம் போட்டபோது, இவரைத்தான் பார்த்தாள். "லோன் முடியட்டும்னு இருந்தனுங்க" என்றாள், ஏதோ புதுச் சேலை வாங்குவதைத் தள்ளிப்போட்டவள் மாதிரி. அட்டை இருந்திருந்தால் மறைத்திருக்க மாட்டாள். காசில்லாமல் பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது என்றால் முதல் நாளே போயிருப்பாள், அவள் பயந்தது கட்டிக்கு இல்லை, செலவுக்கு. வீட்டைக் காப்பாற்றினாள். பிறகு அந்த வீட்டை விற்றுத்தான் அவள் வைத்தியத்துக்கு வாங்கிய கடனையும் வீட்டுக் கடனின் மீதியையும் அடைத்தார், பி.எஃப். பணம் அதற்கு முன்னாலேயே போயிருந்தது. இனி வரப்போகிற பென்ஷன், அரிசியும் வாடகையும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்கிற அளவுக்கு இருக்கும்.

"சார், உங்க ஏரியால சதுரடி இப்ப என்ன போகுதுங்க?" முன் சீட்டிலிருந்து ஹரிபிரசாத் திரும்பிக் கேட்டான். குவாலிட்டியில் புதிதாகச் சேர்ந்த பையன். இவர் என்னமோ ஒரு தொகையைச் சொன்னார். வாய்க்கு வந்ததைச் சொல்வது இந்த ஒரு வருஷத்தில் பழகிவிட்டது. ஒரு பொய் என்றால் பரவாயில்லை, இது தினசரிப் பொய். வீட்டை ஒப்படைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள், சங்கு ஊதியதும், ரூமுக்கு நடந்தே போயிருக்க வேண்டியவர், கால் போன போக்கில் வடவள்ளி கம்பெனி பஸ்ஸில் ஏறி ஆறுச்சாமி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்றுதான் நினைத்தார். வடவள்ளியில் இறங்கினார், "வர்றேன் மயிலு" என்றார், பழைய தெருப் பக்கமாக நடந்தார், பஸ் போய் மறைந்ததும் திரும்பி வந்து ஒரு டீ குடித்தார், டவுன் பஸ் பிடித்துக் காந்திபுரம், அங்கிருந்து இன்னொரு பஸ் கணபதி. மெஸ்ஸில் இரண்டு தோசை. ரூம். மறுநாளும் அப்படியே. அதற்கும் மறுநாளும். மழையிலும், காய்ச்சலிலும். காலையில் மட்டும் தொட்டி நிரப்ப நேரத்தோடு வர வேண்டும் என்று சொல்லித் தனியாக வந்துகொண்டார். ஒரு தடவை பேக்கிங் செக்ஷன் ஆள் ஒருவன் மெஸ்ஸில் பார்த்துவிட்டான். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தேன் என்றார். பொய்யைக் கட்டிக் காப்பது வீடு கட்டுவதைவிடச் சிரமமான வேலை, அதையும் இவர் ஒரு நாள் லீவு போடாமல் செய்தார். வெட்கம்தான் காரணம். மேனேஜர் உதாரணமாகக் காட்டுகிற ஆள், பெண்டாட்டியையும் காப்பாற்றவில்லை, வீட்டையும் காப்பாற்றவில்லை என்று யார் வாயிலும் வரக் கூடாது. வெட்கம்தான், வேறென்ன. வேளாண்மைப் பல்கலைக்கழக மரங்கள் வந்துவிட்டன. காற்று குளிர்ந்தது. பி.என்.புதூர். இப்போது சொன்னாலும் நேரமிருக்கிறது. ரேணுகா பின்னால் மடியில் தட்டை வைத்து மஞ்சள் தண்ணீரும் சுண்ணாம்பும் கலக்குகிறாள், வண்டி குலுக்கலில் சிந்தாமல். "அக்கா இருந்தா அவங்க எடுத்திருப்பாங்க. அதான் நானே எல்லாம் கொண்டாந்துட்டேன். நீங்க எதுக்கும் கவலப்படாதீங்ணா." சொல்லு, சொல்லித் தொலை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மயில்சாமி இண்டிகேட்டர் போட்டுத் தெருவுக்குள் திருப்பினான்.

வீட்டுக்கு நீலம் அடித்திருந்தார்கள். வாசலில் ஒரு ஸ்கூட்டர், மாடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. வேன் நின்றதும் எல்லோரும் மளமளவென்று இறங்கினார்கள். ஹரிபிரசாத் பின்கதவைத் திறந்து ஊஞ்சல் பலகையைப் பாதி வெளியே இழுத்துவிட்டான். ரேணுகா கற்பூரத்தைப் பற்றவைத்தாள். "பெயிண்ட்டெல்லாம் அடிச்சிருக்கறே, சொல்லவே இல்ல" என்ற ஆறுச்சாமி துணிகளைப் பார்த்து நின்றான். "யாரோ இருக்காங்களே. வாடகைக்கு வுட்டுட்டியாடா?" ஆமாம் என்றால் போதும். மேலே வாடகைக்கு, கீழே நான், சாவி அவர்களிடம் இருக்கிறது, இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் வாருங்கள். எத்தனை சுலபமாக வருகிறது. வாயைத் திறந்தும் விட்டார். அதற்குள் உள்ளிருந்து ஒரு இளம்பெண், இடுப்பில் குழந்தையுடன், கேட்டுக்கு வந்தாள். வீட்டை வாங்கியவரின் மருமகளாக இருக்கும், இவரைப் பார்த்ததில்லை. மாலையை, தட்டை, பலகையை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு இவரிடம்தான் கேட்டாள். "யாருங்க வேணும்? வூடு மாத்தி வந்துட்டீங்களா?" மரியாதையாகத்தான் கேட்டாள். அந்த மரியாதை இவரை உடைத்துவிட்டது. "ஆமாங்க அம்மிணி, மாத்தித்தான் வந்துட்டோம்" என்றார். பிறகு ஆறுச்சாமி பக்கம் திரும்பி, யார் முகத்தையும் பார்க்காமல், "இது என்ற வூடு இல்லடா. வித்துப்போட்டேன். அவளுக்குப் பாத்த கடன் இருந்துச்சு. நான் இருக்கறது கணபதில, கம்பெனிக்குப் பின்னால" என்றார். ஒரே மூச்சில்தான் முடிந்தது. ஹரிபிரசாத் பலகையை வெளியே இழுப்பதா உள்ளே தள்ளுவதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான். ரேணுகாவின் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, அவள் அதைச் சுற்றவும் இல்லை, அணைக்கவும் இல்லை. "அப்ப நீ தினமும் இங்க வந்து எறங்குனது?" என்றான் ஆறுச்சாமி. "எங்கிட்டக்கூடச் சொல்லலையேடா." அதற்கு ஒரு பதில் நாக்கு நுனியில் ஒரு வருஷமாகத் தயாராக இருந்தது. உன் பெண்டாட்டி பிழைத்துவிட்டாள், உன்னிடம் எப்படிச் சொல்வது. அதை விழுங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். மயில்சாமிதான் கடைசியில் கேட்டான். "அப்ப எங்கீங்ணா உங்கள வுடறது?"

பலகையை மறுபடி உள்ளே ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்கள். மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டார், இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. பேசாமல் இருப்பதில் கோபம் இல்லை, என்ன பேசுவதென்று தெரியாத பயம், அவ்வளவுதான். வாய்விட்டுச் சொன்னபிறகு வெட்கமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. கண்டுபிடிக்கப்பட்டால் செத்துவிடுவோம் என்று நினைத்திருந்தார், சாகவில்லை, லேசாகப் பசிகூட எடுத்தது. வெட்கம் போன இடத்தில் வேறு ஒன்று இருந்தது, அதை இப்போதுதான் பார்க்கிறார். வெட்கத்துக்காக மட்டும் ஒருவன் ஒரு வருஷம் மழையில் நனைந்து ஊரைச் சுற்றுவானா. அந்த பஸ்ஸில் ஆறுச்சாமி இருந்தான். கதை பேசுவான், பாதி பொய். மயில்சாமி பழைய பாட்டுப் போடுவான். ரேணுகா மத்தியானம் மிஞ்சின முறுக்கை நீட்டுவாள். சங்கு ஊதியதும் நேரே ரூமுக்குப் போயிருந்தால், மறுநாள் காலைவரை ஒரு ஆள்கூட இவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டார். வீடு இருக்கிற மாதிரி நடித்தது மற்றவர்களுக்காக என்றே நினைத்துக்கொண்டிருந்தார். பி.என்.புதூரில் ரேணுகா இறங்கினாள், பையன் டியூஷனிலிருந்து வந்துவிடுவான் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. லாலி ரோட்டில் ஹரிபிரசாத் இறங்கிக் கைகுலுக்கினான். வடகோவையில் மயில்சாமி தானாகவே வண்டியை ஓரம் கட்டினான். ஆறுச்சாமி அசையவில்லை.

"நானும் ரூம் வரைக்கும் வர்றேன்டா. கொண்டாந்து வுட்டுப்போட்டுத்தான் போவேன்" என்றான். தெருமுனையில் மளிகைக் கடை வெளிச்சத்தில் மேகலா நின்றுகொண்டிருந்தாள், தலையில் முடி காது வரைக்கும் வளர்ந்து, கையில் ஒரு பையுடன், வண்டியை அடையாளம் கண்டுகொண்டு எட்டி எட்டிப் பார்த்தபடி. தெய்வசிகாமணி அவளையே பார்த்தார். ஆத்திரம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. நிற்கிறாளே, நன்றாக நிற்கிறாளே என்றுதான் இருந்தது.

"வேண்டாம்டா. அந்தப் புள்ள எத்தன நேரமா நிக்குதோ. வூட்ல ஆள் இருக்கறவன் நேரத்தோட போகோணும்" என்றார்.

ஆறுச்சாமி கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இறங்கிப் போனான். வண்டி நகர்ந்தது. நாளைக்குச் சாயங்காலம் வடவள்ளி பஸ்ஸில் அவன் பக்கத்தில் வேறு யாராவது உட்காருவார்கள். அந்த நேரத்தில் தான் எங்கே உட்கார்ந்திருப்பது என்று தெய்வசிகாமணிக்குத் தெரியவில்லை.